கூப்பிட்ட குரல்

மே மாதத்து உச்சி வெயில். கல்நார் கூரை போட்ட மாடி அறை. கரண்ட் காலையிலேயே போய்விட்டது. ரேணுகாதேவியின் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தையல் மிஷின் சக்கரத்தைப் பிடித்த கை வழுக்கியது. நைட்டித் துணியில் வியர்வை சொட்டிவிடக் கூடாதென்று மடியில் பழைய துண்டு ஒன்றை விரித்திருந்தாள். எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அர்ஃபாவுக்கு மட்டும் வியர்க்கவில்லை.

ஆறு வயதுப் பிள்ளை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, நேற்று சாயங்காலம் உட்கார்ந்த அதே இடத்தில், ரேணுகாதேவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மெல்ல ஊர்ந்து, திறந்திருந்த கண்ணின் ஓரம் வரை போய், விழியின் மேலேயே ஒரு காலை எடுத்து வைத்தது. இமை அசையவில்லை.

படியேறி வரும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு ரூபினா. இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி, அர்ஃபாவைப் பெற்றவள். கையில் சோற்றுத் தட்டு. இரண்டு நாளாக அழுது வீங்கிய முகத்தில் இப்போது ஒரு பளபளப்பு இருந்தது. அதைப் பார்க்கத்தான் ரேணுகாதேவிக்குப் பயமாக இருந்தது.

“சாப்பிட்டாளாக்கா?”

“காலைல வச்சதே அப்படியே இருக்கு.”

“உங்கள விட்டு வர மாட்டேங்கா பாருங்க. ராத்திரி மூணு மட்டம் தூக்கிட்டுப் போய்ப் படுக்கப் போட்டேன். மூணு மட்டமும் மேல ஏறி வந்துட்டா.” சொல்லிவிட்டு ரூபினா சிரித்தாள். ஒரு வாய் உருட்டி மகளின் உதட்டில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. சோறு தாடையில் உருண்டு பாவாடையில் விழுந்தது. கல்யாண வீட்டுக்காக எடுத்த சரிகைப் பாவாடை. அதன் ஓரமெல்லாம் கறுப்புச் சேறு. அது இன்னும் காயவில்லை. இந்த வெயிலிலும் காயவில்லை.

“பாவாடைய மாத்தலாமில்ல” என்றாள் ரேணுகாதேவி. அதைச் சொல்வதற்குள் தொண்டை கரகரத்து நின்றுவிட்டது.

“கழட்ட வர மாட்டேங்குதுக்கா” என்றாள் ரூபினா சாதாரணமாக. “ஒட்டிக்கிட்டிருக்கு.”

ரேணுகாதேவி இந்த ஊருக்கு வந்ததே ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்து செத்துப்போக வேண்டும் என்றுதான். கோவில்பட்டி அவளுக்குப் பிடித்திருந்தது. லாரிச் சத்தமும் பஸ் சத்தமும் தீப்பெட்டி வண்டிகளின் சத்தமுமாக, ஒருத்தியின் குரலுக்கு மதிப்பில்லாத ஊர். நகரம் முடிகிற இடத்தில் இந்த மாடி அறை. சன்னலைத் திறந்தால் மக்காச்சோளம் அறுத்துப்போட்ட கரிசல் காடு. நைட்டி தைத்துக் கொடுத்தால் வாடகைக்கும் சோற்றுக்கும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கால்கிலோ கறி. ராத்திரி டி.வி.யில் நாடகம். இதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதில்லை. தெருவில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவாள், இல்லையென்றால் ஓடிப்போய் முதுகைத் தொடுவாள். நேற்றுவரை, ஏறக்குறைய முப்பது வருஷமாக, உரக்க ஒரு பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை.

பசுவந்தனைப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்த குடும்பம். காணாமல்போன ஆட்டை ரேணுகாதேவி கூப்பிட்டால் வந்துவிடும். எந்த ஊரில் இருந்தாலும் வரும். கசாப்புக்கடைக்குப் போன கிடா ஒன்று தோலில்லாமல் வந்து நின்றபோதுதான் அப்பா அவள் வாயைப் பொத்தினார். அந்த அப்பாவே பாம்பு கடித்துச் செத்த மறுநாள், அம்மா அவளை வயற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “கூப்பிடுட்டீ. ஒரே மட்டம் கூப்பிடு.” பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூப்பிட்டது. அப்பா வந்தார். சாப்பிடவில்லை, பேசவில்லை, அம்மா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். ஆடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஐப்பசி மழையில் கரைந்து போகும்வரை நின்றார். அதற்குள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வர ஆரம்பித்திருந்தார்கள். அழுதுகொண்டு வந்தார்கள். கூப்பிட மாட்டேன் என்றால் அடித்தார்கள்.

இதையெல்லாம் அவள் ரூபினாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது ரூபினா பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டினாள். மனசு இளகிச் சொல்லித் தொலைத்தாள். பாசமாக ஒரு வாய்க் கஞ்சி. அதற்கு இந்த விலை.

கயத்தாற்றில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் மண்டபத்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அர்ஃபாவைக் காணவில்லை. ரூபினாவின் புருஷன் அபுதாஹிர் போலீசோடு அங்கேயே தங்கித் தேடினார். ரூபினா திரும்பி வந்து மாடிப்படி ஏறி ரேணுகாதேவியின் காலைப் பிடித்தாள்.

“உசிரோட இருந்தா எப்படியும் கிடைச்சிருவா. இல்லாமப் போயிருந்தா நான் கூப்பிடக் கூடாதும்மா. வாரது அவளா இருக்காது.”

“எது வந்தாலும் சரி.”

“உனக்குத் தெரியாது. சொன்னாக் கேளு.”

ரூபினா எழுந்து நின்றாள். அழுகை நின்றிருந்தது. “நீங்க கூப்பிடலன்னா எம்புள்ளைய நீங்கதான் கொன்னீகன்னு நெனச்சுக்கிடுதேன். காலைல தெரு பூராவும் சொல்லுதேன், நீங்க யாருன்னு.”

அதனால்தான் நேற்று சாயங்காலம் ரேணுகாதேவி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று, வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். அத்தனை வருஷம் அடக்கி வைத்த குரல் மொத்தமும் அந்த ஒரு பெயரில் போனது. தெரு நாய்கள் குரைப்பதை நிறுத்தின. காற்று நின்றது. கொஞ்ச நேரத்தில் தெற்கே, ரோடு இல்லாத பக்கம், காட்டின் நடுவில் சின்னதாக ஒரு புள்ளி அசைந்தது. முழங்கால்வரை சேறு. ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாத காட்டில். ரூபினா அலறிக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை அம்மாவின் தோளுக்கு மேலாக, மாடியைப் பார்த்தது.

அதிலிருந்து தொண்டை சரியில்லை. கத்தியதால்தான் என்று சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தாள். ரூபினா தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப்போன பிறகு, துணியை மடித்து ஊசியின் கீழே வைத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மிகவும் மெல்லியதாக, மூக்குக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் இழுப்பு. முதலில் மிஷின் சத்தம் என்று நினைத்தாள். காலை எடுத்தாள். மிஷின் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

கிடை திருப்பும் கூப்பாடு அது. சாயங்காலம் ஆடுகளைத் திருப்ப அவள் சின்ன வயதில் எழுப்பும் கூப்பாடு. அவளும் அப்பாவும் தவிர யாருக்கும் தெரியாதது. அர்ஃபாவின் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. உள்ளே பல் தெரியவில்லை. கறுப்பாக ஏதோ நிறைந்திருந்தது. அதற்குள்ளிருந்து ரேணுகாதேவியின் பன்னிரண்டு வயதுக் குரல் வந்துகொண்டிருந்தது.

அப்பா பேசவில்லை. கூப்பிட்டு வந்த யாருமே பேசியதில்லை.

“போ” என்றாள் ரேணுகாதேவி. காற்றுத்தான் வந்தது. எழுந்து நின்று, தொண்டை நரம்பு புடைக்க, மறுபடியும் சொன்னாள். “போயிரு.” பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டது. போகவில்லை. கூப்பிடத்தான் அவளுக்கு வரும். போகச் சொல்ல ஒருநாளும் வந்ததில்லை.

மூன்று மணிவாக்கில் அபுதாஹிர் வந்தார். செருப்புக்கடை வைத்திருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர். சட்டையெல்லாம் கசங்கி, கண் உள்ளே போயிருந்தது. பின்னாலேயே ரூபினா ஓடி வந்து வாசலில் நின்றாள்.

“ரூபினா, கீழ வா. புள்ளையக் கொண்டாந்துட்டேன். ஆம்புலன்ஸ் தெருமுக்குல நிக்கி.”

“புள்ள இங்கன இருக்கா.”

“கல்குவாரித் தண்ணிக்குள்ள கிடந்தா ரூபினா. காலைல எடுத்தாங்க. நாந்தான் தூக்கினேன். கையில கிடந்த வளையல நாந்தான் கழட்டினேன்.” சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சின்னச் சின்ன பச்சை வளையல்கள். பிறகுதான் சுவரோரம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உதடுகள் ஏதோ ஓதின. “எம்புள்ளைய நான் பாத்துட்டுத்தான் வாரேன். இது யாரு?”

அர்ஃபா திரும்பவில்லை. ரேணுகாதேவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க போயி அத அடக்கம் பண்ணிட்டு வாங்க” என்றாள் ரூபினா. “எனக்கு இது போதும்.”

அபுதாஹிர் வளையல்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ரேணுகாதேவியின் பக்கம் திரும்பினார். “அக்கா அக்கான்னு எங்க வீட்டு மனுஷி மாதிரி வச்சிருந்தமே. என் பொஞ்சாதிய இப்படி ஆக்கிட்டீகளே.”

நான் மாட்டேன் என்றேன், அவள்தான் கேட்கவில்லை என்று சொல்ல ரேணுகாதேவி வாயைத் திறந்தாள். நாக்கு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. சன்னமான சீழ்க்கைகூட வரவில்லை. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். சொந்தக்காரர் நாலு பேரோடு அந்தச் சின்ன உடம்பைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, கரிசல் ஓரத்து மையவாடிக்குக் கொண்டுபோனார். பெற்றவள் வாசல்வரை கூட வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் கீழே ரூபினாவைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. “அக்கா கூப்பிட்டாக, எம்புள்ள வந்துட்டா” என்று மாடியைக் காட்டினாள்.

வெயில் தாழ்ந்தபோது படிக்கட்டில் காலடிகள். ஒன்று. இரண்டு. நிறைய. ரேணுகாதேவிக்கு அந்தச் சத்தம் பழக்கம். பசுவந்தனையில் இப்படித்தான் வருவார்கள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு. முதலில் வந்தவள் அடுத்த தெரு வனிதா. புருஷன் லாரி கவிழ்ந்து செத்து ஒரு வருஷம் ஆகவில்லை. அடுத்து மாரிச்சாமி. காலேஜ் படித்த ஒரே மகனைத் தீப்பெட்டி ஆலைத் தீயில் கொடுத்தவர். அவர்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத முகங்கள். எல்லார் கையிலும் செல்போன். எல்லாவற்றிலும் ஒரு படம்.

“அக்கா, ஒரே ஒரு மட்டம்” என்றாள் வனிதா.

ரேணுகாதேவி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வனிதா, பின்னாலேயே ஏறி வந்து நின்ற ரூபினாவைக் காட்டினாள். “இவளுக்கு மட்டும் கூப்பிட்டுக் குடுத்தீகள்ள? எங்களுக்குன்னா மட்டும் வாய் வராதோ? உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?”

அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. நாற்பது வயதுப் பெண்ணின் குரல். தெளிவாக. நிதானமாக.

“பேரச் சொல்லுங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். அர்ஃபா எழுந்து நின்றிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம். வனிதா ரேணுகாதேவியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மண்டிபோட்டு அந்தச் சின்னக் காதில் ஏதோ சொன்னாள். மாரிச்சாமியும் குனிந்தார். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். பிள்ளை மொட்டைமாடிக்கு நடந்தது.

ரேணுகாதேவி ஓடினாள். கைப்பிடிச் சுவரருகே அதன் தோளைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் இறங்கின. உள்ளே. எலும்பு தட்டவில்லை. சில்லென்ற, குழைந்த மண். கையை உருவுவதற்குள் வனிதா ஒரு பக்கமும் ரூபினா ஒரு பக்கமுமாக அவளைப் பிடித்துக்கொண்டார்கள். “விடுங்கக்கா. கூப்பிடட்டும்.” காய்ச்சலில் கஞ்சி ஊட்டிய அதே பிரியத்தோடு ரூபினா சொன்னாள்.

பிள்ளை கூப்பிட்டது.

முதல் பெயர் வனிதாவின் புருஷன் பெயர். இரண்டாவது மாரிச்சாமியின் மகன். நாய்கள் அடங்கின. மூன்று. நாலு. சொன்ன பெயர்கள் தீர்ந்தன. நிறுத்தவில்லை. யாரும் சொல்லாத பெயர்கள். பழைய பெயர்கள். இப்போது யாருக்கும் வைக்காத பெயர்கள். ரேணுகாதேவியின் அப்பா பெயர். அம்மா பெயர். ரேணுகாதேவி வாயைத் திறந்து அலறினாள். சத்தமில்லை. அவள் சத்தம் அங்கே, சுவரோரம், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வெடிப்புகள் விரிந்தன. முதலில் கைகள். பிறகு தலைகள். அறுத்துப்போட்ட மக்காச்சோளத் தட்டைக்கு நடுவே, கறுப்பாக, நெருக்கமாக, விளைச்சல் எழுந்து வருவதுபோல, கண்ணுக்கு எட்டிய வரை. ஒருவரும் அழுதவர்களைத் தேடவில்லை. எல்லா முகங்களும் மாடியை நோக்கித் திரும்பின. “இங்கன! இங்கன இருக்கேன்!” என்று வனிதா சந்தோஷமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மூச்சு விடுவதுபோல ஒரு கணம் நின்றது. கடைசியாக ஒரு பெயரைச் சொன்னது.

“அர்ஃபா.”

மையவாடிப் பாதையில் அபுதாஹிர் தனியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியபடி, மெதுவாக. அவருக்குப் பத்தடி பின்னால், வெள்ளைத் துணி காலில் தடுக்கத் தடுக்க, மாடியைப் பார்த்தபடி ஒரு சின்ன உருவம் நடந்து வந்துகொண்டிருந்தது.