இணைக்கூரை எண் பதினான்கு

மேகமலை முகாமில் அன்று நாற்பது இணைக்கூரைகளும் நிரம்பிவிட்டன. அதாவது, நாற்பது பேர் வந்திருந்தார்கள்.

இணைக்கூரை என்பது இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய தார்ப்பாய்தான். ஆனால் தார்ப்பாய் என்று சொன்னால் முகாமை நடத்தும் ‘அருகாமை’ நிறுவனத்தார் முகம் சுளிப்பார்கள். அதன் கீழே அருகருகே தொங்கும் இரண்டு துணிப் படுக்கைகளுக்குத் தொங்கணை என்று பெயர். ஒன்றில் வந்தவர் படுப்பார். மற்றதில் வராதவர் படுத்திருப்பார். வராதவர் துபாயிலோ துருவத்திலோ இதே மாதிரி ஒரு கூரையின் கீழ்க் கிடக்க, அவருடைய எடை, புரளல், மூச்சு, உடம்புச் சூடு, குரல் எல்லாம் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கி இந்தத் தொங்கணைக்கு வந்து சேரும். துணிக்குள் இருக்கும் நீர்ப்பைகள் ஆள் வடிவில் உப்பும். அங்கே அவர் புரண்டால், கயிற்று முனையில் உள்ள அசைவுப்பொறி இங்கே புரட்டும். ஏறி இறங்க இரண்டு விநாடி ஆகும். வருடக்கணக்கில் பிரிந்திருப்பவர்களுக்கு இரண்டு விநாடி ஒரு பிரிவா என்று விளம்பரம் கேட்டது.

வாசலில் சலவைக்கல் ஒன்று நட்டிருந்தார்கள். ‘தூரம் ஒழிந்த நாள்’ என்று தலைப்பு. கீழே தேதி, திறந்து வைத்தவர் பெயர், அவர் பெற்ற பட்டங்கள். பட்டங்கள் கல்லின் அடிவரை போய்விட்டதால், எதைத் திறந்தார் என்று எழுத இடமில்லை.

பதினான்காம் கூரையில் ஜெஸிந்தா படுத்திருந்தாள். தூத்துக்குடியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவள். பக்கத்துத் தொங்கணையில் எழுபத்து நான்கு கிலோ எடையுடன் அவள் கணவன் அமலதாஸ் இல்லாமல் இருந்தான். இந்தியப் பெருங்கடலின் நடுவே, கடலடிக் கனிமம் அள்ளும் மிதவை மேடையில் அவனுக்கு ஏழு வருடமாக வேலை. வருடம் ஒரு தடவை ஊருக்கு அனுப்புவதாகத்தான் முதலில் பேச்சு. அவன் வேலையில் சேர்ந்த வருடமே இணைக்கூரை வந்துவிட, அதை நிறுத்திவிட்டார்கள். ‘அதுதான் பக்கத்திலேயே படுத்திருக்கிறீர்களே’ என்று சுற்றறிக்கை வந்தது.

ஒப்பந்தம் திங்கட்கிழமை முடிகிறது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம். போடாமல் ஊர் திரும்பலாம். ‘போடாதிய, வந்துருங்க’ என்று சொல்வதற்காகத்தான் ஜெஸிந்தா மலை ஏறியிருந்தாள். தூத்துக்குடிக் கடற்கரையிலேயே முகாம் உண்டு. ஆனால் அங்கே பக்கத்துக் கூரை அவள் நாத்தனாருடையது. நாத்தனார் உடம்பைச் சிங்கப்பூர்க் கணவன் பக்கம் போட்டுக்கொண்டு காதை இந்தப் பக்கம் வைத்திருப்பாள். மேகமலையில் தெரிந்த முகம் எதுவும் இருக்காது. இடம் மாறியதை அமலதாஸிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பான். ஏன் என்று சொல்லத் தொடங்கினால் அழுகை முந்திக்கொள்ளும்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சாரல் பிடித்தது.

“சாப்பிட்டியளா?”

இரண்டு விநாடி. “ஆச்சு. இங்க வேற என்ன கெடைக்கும், மீன்தான்.”

“வெயிலா?”

“மண்டையப் பொளக்குது ஏட்டி.”

“எனக்கு ஒண்ணு கேக்கணும்.”

“ம்.”

அந்த ‘ம்’ அவளுக்கு உயிர். கல்யாணமாகி ஊரில் இருந்த இரண்டு வருடமும் அவன் அப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை. அவள் பேசும்போது தட்டைப் பார்ப்பான், தட்டு இல்லாவிட்டால் சுவரைப் பார்ப்பான். கடலுக்குப் போன பிறகுதான் மனுஷனுக்குக் காது முளைத்தது. அவள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் பதமாக ஒரு ‘ம்’ வந்து விழும். அந்த ‘ம்’முக்காகவே மாதம் இரண்டு தடவை தொங்கணையில் ஏறினாள்.

“கேக்கட்டா?”

“ம்.”

அப்போது முகாம் ஒலிபெருக்கி கரகரத்தது. “டோக்கன் வாங்குனவங்க எல்லாம் வாங்கப்பா. மொளகா பஜ்ஜி, வாழக்கா பஜ்ஜி, சூடா இருக்கு. சட்னி தீந்துபோச்சு, யாரும் சண்டைக்கு வரக்கூடாது.”

அவனுக்குக் கேட்டுவிடாதபடி ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு ஜெஸிந்தா காத்திருந்தாள், அது முடியட்டும் என்று. முடிந்தது. இரண்டு விநாடி கழித்து, இந்தியப் பெருங்கடலின் நடுவிலிருந்து, பக்கத்துத் தொங்கணை வழியாக, “சட்னி தீந்துபோச்சு, யாரும் சண்டைக்கு வரக்கூடாது” என்று வந்தது. கரகரப்புகூட மாறவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“அங்க பஜ்ஜி போடுதாங்களா?”

கொஞ்சம் பொறுத்து, பதமாக, “ம்.”

செருப்பைக்கூட மாட்டவில்லை. சாரலில் இறங்கி நடந்தாள். ஒவ்வொரு கூரைக்கும் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், ஒரு ஆடும் துணி. கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் துணியிடம் மாத்திரை போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் துணிக்குத் தலையணை சரிசெய்துகொண்டிருந்தாள். முப்பத்தொன்றாம் கூரையில் ஓரமாக ஒரு பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏழு வருடமாகக் கண்ணால் பார்க்காவிட்டாலும், அந்தப் பாதம் யாருடையது என்று அறிய அவளுக்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை.

மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அமலதாஸ் மல்லாந்து கிடந்தான். இளைத்திருந்தான், முன்மண்டையில் முடி இல்லை. பக்கத்துத் தொங்கணையில் அவளுடைய எடை அவளுடைய வடிவில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“மாட்டிக்கிட்டேன், என்ன?” என்று அவன் துணியிடம் சொன்னான். “நாலு நாளா இங்கதான் கெடக்கேன் ஏட்டி. முடிவெடுக்கன்னு பத்து நாள் லீவு குடுத்தாங்க. வீட்டுக்குத்தான் கெளம்புனேன். மதுரையில எறங்குனதும் கால் வரல.”

“ம்” என்றது துணி. அவள் குரல்தான். ஆனால் அவளிடம் இல்லாத ஒரு பொறுமை அதில் இருந்தது.

“தெரிஞ்சவங்க இல்லாத எடமாப் பாத்து இங்க வந்துட்டேன். உன் பக்கத்துல கெடந்து யோசிச்சா முடிவு வரும்னு நெனச்சேன். நேர்ல உன்கிட்ட எனக்குப் பேச வராது. உனக்கே தெரியும். இங்கன்னா வருது.” அவன் மூக்கை உறிஞ்சினான். “நான் வந்து அந்தப் பழைய ஆளாவே இருந்தா நீ என்ன செய்வ?”

“ம்.”

“கோவமா இருக்கியா?”

“ம்ஹூம்” என்றது துணி, அவ்வளவு கனிவாக.

“கோவந்தான்!” என்றாள் ஜெஸிந்தா, மரத்துக்குப் பின்னாலிருந்து.

அமலதாஸ் துள்ளிய துள்ளலில் தொங்கணை கவிழ்ந்து அவனை ஈரமண்ணில் கொட்டியது. குப்புறக் கிடந்தபடியே அவளைப் பார்த்தான், ஆடும் துணியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். ஏழு வருடம் கழித்துச் சந்தித்த தம்பதிகள் என்ன பேசுவார்கள் என்று நிறுவனத்தின் கையேட்டில் பக்கம் பக்கமாக இருந்தது.

“நீ அங்கல்லா இருக்க?” என்றான் அவன், துணியைக் காட்டி.

“அது நான் இல்ல. நான் இந்தா நிக்கேன்.”

சத்தம் கேட்டுத் திருமேனி குடையோடு வந்தார். கழுத்தில் டை, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் அட்டை கடித்தால் போட உப்புப் பொட்டலம். முகாமின் உறவு நெருக்க அலுவலர். நடந்ததைக் கேட்டதும் அவர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை, பெருமைப்பட்டார்.

“அது நிரப்பிம்மா. ஒப்பந்தத்துல நாப்பத்து மூணாவது பிரிவு. நீங்க நாலு விநாடிக்கு மேல பேசாம இருந்தாலோ, எந்திரிச்சுப் போனாலோ, தூங்கினாலோ அது பாத்துக்கும். ஆரம்பத்துல இது கெடையாது. பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி இருக்குன்னு நெறையப் பேர் புகார் குடுத்தாங்க.”

“அதுவாப் பேசுமா?”

“சேச்சே. நாலே சத்தம்தான். ‘ம்’, ‘ம்ஹூம்’, ‘அப்படியா’, அப்புறம் ஒரு பெருமூச்சு. சொந்தமா ஒரு வார்த்தை போடாது. எல்லாம் உங்க குரல்லயே செஞ்சது.” கையில் இருந்த பலகையைத் தட்டிப் பார்த்தார். “அடடே, முகாமுக்கே நீங்கதான் முன்மாதிரித் தம்பதி. ஏழு வருஷத்துல ஒரு சண்டை இல்ல. சார் சொன்ன ‘ம்’ல நூத்துக்குத் தொண்ணூறு நிரப்பி சொன்னது. மேடம் பரவால்ல, எழுபதுதான்.”

ஜெஸிந்தா அமலதாஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“நாங்க ரெண்டு பேரும் இதுல படுத்துக்கிடுதோம்” என்றாள் அவள், முப்பத்தொன்றைக் காட்டி.

திருமேனி தயங்கினார். “நேர்லயா? இது அதுக்கான கூரை இல்லைங்களே.”

ஆனாலும் ஒதுங்கிக்கொண்டார். கூரையின் நடுக்கயிற்றில் தொங்கிய சிறு திரையில், இருவரும் படுத்ததும், ‘இணையைக் காணவில்லை. தேடுகிறோம்’ என்று எழுத்து ஓடியது.

ஒரே கூரை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொங்கணை. கையை நீட்டினால் எட்டும். அவனிடமிருந்து மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ வாசம் வந்தது. இத்தனை வருடமாகப் பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு வாசமே கிடையாது. எடையும் வேறு, நீர்ப்பைகள் பழைய அமலதாஸைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தன. அவன் புரண்டான். அவள் எதிர்பார்த்த நேரத்தில் புரளவில்லை.

“பஸ்ல வரும்போது பூரா இதத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன்” என்றாள். நிறுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை.

“கையெழுத்துப் போடாதிய. வந்துருங்க.”

ஒன்றும் வரவில்லை. தார்ப்பாயில் மழை கொட்டியது. நாலு விநாடி போயிற்று, நாற்பது போயிற்று. அவன் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தான், சுவர் இல்லாத குறைக்கு. உதடு இரண்டு தடவை பிரிந்து மூடியது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஜெஸிந்தா அவனுடைய மௌனத்தைக் கேட்டாள். அதை யாரும் நிரப்பவில்லை.

“ஒண்ணாவது சொல்லுங்க.”

அவன் வியர்த்திருந்தான். கடைசியில், மிகவும் வெட்கப்பட்டு, “ஏட்டி, நீ பதினாலுக்குப் போய்க் கேளேன்” என்றான். “அங்கேருந்து கேட்டா எனக்கு வரும்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவனைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. இறங்கினாள். மழையில் பதினாறு கூரைகளைக் கடந்து நடந்தாள். கம்பளிக் குல்லாய்ப் பெரியவர் தூங்கிவிட்டிருந்தார். அவருடைய துணை, எந்த ஊரிலோ, அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அங்கே அவருக்காக நிரப்பி “அப்படியா” என்றிருக்கும்.

பதினான்கில் ஏறிப் படுத்தாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியது. பக்கத்துத் தொங்கணை அசைந்தது, எழுபத்து நான்கு கிலோ, வாசமில்லை.

“வந்துருவியளா?”

அவள் குரல் வானத்துக்குப் போய், இருநூறடி தள்ளி இறங்கியது. அவன் குரல் வானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

“வாரேன் ஏட்டி. கையெழுத்துப் போடல. திங்கக்கெழம சாமானெல்லாம் எடுத்துட்டு வந்துருதேன். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? அங்க ராத்திரி பகல்னு இல்ல, எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும். உன்ன நெனச்சுக்கிட்டுத்தான் ஏழு வருஷமும் ஓடுச்சு.”

வார்த்தை வார்த்தையாக, அவனே சொன்னது. நிரப்பிக்கு இத்தனை சொல் தெரியாது. ஜெஸிந்தா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நேரில் இதில் ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் அந்த ஈரமண்ணிலேயே விழுந்து கும்பிட்டிருப்பாள்.

“ஆனா ஒண்ணு” என்றான் அவன். “கோவப்படாத. வீட்டுக்கு வந்த பெறவு ஏதும் பேசணும்னா இங்க வந்துருவமா? மாசம் ரெண்டு தடவ. ஒரே பஸ்ல வருவோம், ஒண்ணா பஜ்ஜி திம்போம். நீ பதினாலு, நான் முப்பத்தொண்ணு. வீட்டுல நான் பேசலன்னு நீ வருத்தப்பட வேண்டாம் பாரு. எல்லாத்தையும் சேத்து வச்சு இங்க சொல்லிருதேன்.”

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

வீடு கண்ணுக்கு வந்தது. எதிரெதிரே இரண்டு தட்டு. மாதம் முழுக்க ஒருவரும் பேசாமல், சொல்ல வேண்டியதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இரண்டு பேரும் மலை ஏறுவது. வேண்டாம். திக்கினாலும் பரவாயில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை, நாற்பது விநாடி ஆனால் நாற்பது விநாடி நான் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டிலேயே சொல்லுங்கள். இதைத்தான் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது? ‘வேண்டாம்’ என்று தொடங்கினால், வருவதையே வேண்டாம் என்கிறாள் என்று மறுபடி கடலுக்கு ஓடிவிடுவான். ‘சரி, ஆனால்’ என்று தொடங்கலாமா? ‘சரி’யை மட்டும் பிடித்துக்கொள்வான். அவள் பொருத்தமான சொல்லைத் தேடி வாயைத் திறந்தாள்.

“அப்பாடா!” என்றது பக்கத்துத் தொங்கணை. அவன் குரல் தழுதழுத்தது. “நீ இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பன்னு நான் நெனைக்கவே இல்ல ஏட்டி. இப்படி ஒரு ‘ம்’ உன்னத் தவிர யாரு சொல்லுவா?”

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஜெஸிந்தா இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.