சொன்ன பேச்சு கேட்கும் நாய்

மிளகு உட்கார்ந்திருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது.

வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தவள், நடைவழியின் கோடியில் துணி துவைக்கும் அறையின் மூடிய கதவுக்கு முன்னால், முதுகை நேராக்கி வாலை ஒடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்த நாயைப் பார்த்ததும், ஒரு கணம் வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டோமோ என்று நினைத்தாள். கடந்த மூன்று மாதமாக அது யார் சொல்லியும் உட்கார்ந்ததில்லை. கதவைத் திறந்தால் மேலே பாயும், கைப்பையைக் கவ்வும், கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடும், சோபாவின் காலில் அவள் கண்ணெதிரே சிறுநீர் கழித்துவிட்டு அவளையே திரும்பிப் பார்க்கும்.

"மிளகு" என்றாள்.

காது அசையவில்லை. அது கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வலது முன்னங்காலை மெல்லத் தூக்கி நீட்டியது. யாரோ அதைப் பிடித்துக் குலுக்கியது போல அந்தக் கால் மேலும் கீழும் இரண்டு முறை அசைந்தது.

"பத்து மாசம் ஆச்சா? மனுஷப் பிள்ளைக்குப் பதினாலு வயசு மாதிரிம்மா" என்று போன வாரம்தான் நாய் டாக்டர் சொல்லியிருந்தார். "கத்துக்கிட்டதெல்லாம் மறந்த மாதிரி நடிக்கும். கூப்பிட்டா வராது, கண்டதையும் கடிக்கும். இன்னும் நாலஞ்சு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோங்க. குட்டியா இருந்தப்போ சொல்லிக்குடுத்தீங்களே, அதே மாதிரி மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க. கை மட்டும் வச்சுடாதீங்க. அப்புறம் உங்க குரலைக் கேட்டாலே அதுக்கு ஆகாம போயிடும்."

அவள் தலையாட்டினாள். நாயின் தொடையில் முடிக்கு அடியில் இருந்த தடிப்பை அவர் விரலால் தடவிப் பார்த்து, "எங்கேயாவது இடிச்சுக்கிச்சா?" என்று கேட்டபோது, "ஆமா, ஒரே ஓட்டம் டாக்டர்" என்று சிரிக்கவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

அவளுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தும் இடத்தில் வேலை. சத்தம் புகாத சின்னக் கண்ணாடி அறைக்குள் வயதானவர்களை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க ஐயா, அவசரமே இல்லை" என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடம் இருபது முறையும் அதே கனிவோடு சொல்பவள். அவளுக்குப் பொறுமை அதிகம் என்று எல்லாருமே சொல்வார்கள். அந்தப் பொறுமைசாலி, இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஒரு பெரியவருடைய கருவியைச் சுத்தம் செய்ய வீட்டுக்குக் கொண்டுவந்து, அதை மிளகு கடித்துத் துப்பியிருந்ததைப் பார்த்தபோது, கழுத்து வாரை இரண்டாக மடித்து நான்கு முறை அடித்தாள். முதல் அடி கோபத்தில் விழுந்தது. மற்ற மூன்றும் அப்படியில்லை. அது அவளுக்குத் தெரியும். அதுதான் அவமானம். பிறகு "உள்ளயே கிட" என்று அதைத் தரதரவென்று இழுத்துப்போய் துணி துவைக்கும் அறையில் தள்ளி, வெளித் தாழ்ப்பாள் போட்டாள். அது அழுதது. குழந்தை அழுவது போலவே அழுதது. அவள் வேலையிடத்திலிருந்து எடுத்துவந்த பஞ்சு அடைப்பான்களைக் காதில் செருகிக்கொண்டு படுத்தாள். விடிந்து கதவைத் திறந்தபோது அது கதவைப் பார்த்து நிற்கவில்லை. உள்சுவரைப் பார்த்து அமைதியாக உட்கார்ந்திருந்தது.

வேலையிடத்தில், கருவி கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்றாள். நாயைக் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்த தம்பி போனில் கேட்டபோது, "சமத்தா இருக்குடா" என்றாள்.

அன்றிலிருந்து அவள் அந்த அறைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். துணியைக் குளியலறையிலேயே அலசிக்கொண்டாள். மிளகோ, அது உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்த நாளிலிருந்து, அந்தக் கதவை விட்டு நகருவதே இல்லை. உட்காரும், படுக்கும், உருளும், கால் கொடுக்கும். அவள் கற்றுத்தந்த எல்லாவற்றையும், கற்றுத்தந்த அதே வரிசையில், அந்த மரக்கதவுக்குச் செய்து காட்டும். நாய்க்குக் கேட்கும் சத்தமெல்லாம் மனிதக் காதுக்கு எட்டாது என்று அவள் தொழிலே அவளுக்குச் சொல்லியிருந்தது. அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலாக இல்லை.

சனிக்கிழமை மாலை படியில் மேல்வீட்டுத் தையல்காரம்மாவைப் பார்த்தாள். பகலெல்லாம் வீட்டிலேயே மிஷின் ஓட்டுபவர். கீழ்வீட்டு அரவம் எதுவும் அவருக்குத் தப்பாது.

"ஏம்மா, லீவுல இருக்கியா?" என்றார்.

"இல்லியேக்கா. ஏன்?"

"நாளெல்லாம் நாயைக் கொஞ்சிக்கிட்டே இருக்கியே, அதான் கேட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காத. அன்னிக்கு அது கத்தின கத்துல எனக்கு மனசே சரியில்ல. கீழ வந்து கதவைத் தட்டலாமான்னுகூட நினைச்சேன். வாயில்லா ஜீவன் பாரு. ஆனா இப்ப பரவால்ல. ஒரு வாரமா எவ்வளவு அன்பா பேசுற! காலையில நீ ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் ஓயுறதில்ல. கேக்கவே நல்லா இருக்கு."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அவளுக்கு. அன்று நடந்தது இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கட்டடத்துக்கே தெரிந்திருக்கலாம். அந்தக் கூச்சம் முழுதாக ஏறி இறங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வீட்டில் இருப்பதே இல்லை.

"அது டிவியா இருக்கும்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் வீட்டில் டிவி கிடையாது.

திங்கட்கிழமை தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்கே கிளம்பினாள். மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று, சாவியைத் துளையில் நுழைத்த கையோடு, வேலையிடத்துக் கண்ணாடி அறைக்குள் பெரியவர்கள் கேட்பார்களே, மூச்சை நிறுத்தி, கண்ணை ஒரே இடத்தில் குத்திட்டு, அப்படிக் கேட்டாள். மழைநீர் குழாயில் இறங்கும் சத்தம். மேலே தையல் மிஷின். அதற்கும் அடியில், மெல்லிசாக, பாட்டு முணுமுணுப்பது போல ஒரு குரல். சொல் பிரியவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் புரிந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை அவளுக்குத் தெரியும். கைக்குள் அடங்கும் குட்டியாக மிளகு வந்த நாட்களில், அதை மடியில் போட்டுக்கொண்டு அவள் பேசிய பேச்சு அது.

கதவைத் திறந்தாள். குரல் நின்றது.

மிளகு வழக்கமான இடத்தில் இருந்தது. வீட்டில் ஈரச் சோப்புத்தூள் வாசனையும், அதோடு, பயந்த நாயின் உடம்பிலிருந்து வருமே, அந்தப் புளித்த இரும்பு நெடியும் கலந்து அடித்தது. அவள் கைப்பையையும் போனையும் மேசையில் வைத்தாள். நாயிடமிருந்து நான்கடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

"மிளகு. இங்க வாடா."

அது திரும்பிப் பார்த்தது. முகத்தில் கோபம் இல்லை. தெருவில் யாரோ வழி கேட்டால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

"நான் பண்ணினது தப்புதான். அன்னிக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. இனிமே கை வைக்க மாட்டேன். வாடா என் கண்ணு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள். நாயின் வால் நுனி லேசாக அசைந்தது. ஒரு அடி எடுத்து வைத்தது. இன்னொரு அடி.

"வாடா என் கண்ணு."

இரண்டாவது முறை அவள் சொல்லவில்லை.

கதவுக்கு உள்ளிருந்து வந்தது. அவளுடைய குரல்தான். ஆனால் அவளுடையதைவிட நன்றாக இருந்தது. அழுகை இல்லை, களைப்பு இல்லை, பொய் இல்லை. மிளகு சட்டென்று திரும்பி, மூக்கால் கதவை முட்டியது. தாழ்ப்பாள் போட்டிருந்த கதவு திறந்தது. நாய் இருட்டுக்குள் போய்விட்டது.

அவள் எழுந்தாள். ஓடிவிடலாம். வாசல் பத்தடியில் இருந்தது. ஆனால் ஒரு தடவை அதை அந்த அறையில் விட்டுவிட்டுக் காதை அடைத்துக்கொண்டு படுத்தவள் அவள். இன்னொரு தடவை முடியாது.

சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை. உள்ளே போனாள். ஈரத் தரை. வாளி. கையால் துழாவினாள். மூலையில் சூடான முதுகு தட்டுப்பட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது மிளகு. வேறு யாரும் இல்லை. சுவர். குழாய். சுவர்.

"வா, போயிடலாம்" என்று கழுத்துப் பட்டையைப் பிடித்தாள்.

"மிளகு" என்றது குரல். அவளுக்குப் பின்னால். நடைவழியிலிருந்து.

பட்டை கையிலிருந்து நழுவியது. நகங்கள் தரையில் கிறீச்சிட அது பாய்ந்து ஓடியது. அவள் திரும்புவதற்குள் வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது.

"உள்ளயே கிட."

தாழ்ப்பாள் விழுந்தது.

கத்தினாள். கதவை உதைத்தாள். இரண்டு கையாலும் அறைந்தாள். மேலே தையல் மிஷின் நின்றது. யாரோ கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வெளியே போன் அடித்தது. இரண்டு தடவை. மூன்று. எடுக்கப்பட்டது.

"சொல்லுடா தம்பி" என்றாள் அங்கே அவள். "மிளகா? இப்பல்லாம் சொன்ன பேச்சு கேக்குதுடா. அந்த வயசு தாண்டிடுச்சு போல." சிரிப்பு. "நீ கவலைப்படாத. ஞாயித்துக்கிழமை வந்து பாரேன்."

தண்ணீர் வழிந்து போவதற்காகக் கதவின் அடியை இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து வைத்திருந்தார்கள். அவள் ஈரத்தில் கன்னத்தைப் பதித்துப் படுத்து, அந்தச் சந்து வழியாகப் பார்த்தாள். கதவுக்கு வெளியே இரண்டு வெறுங்கால்கள் நின்றன. அவளுடைய கால்கள். அவற்றின் பக்கத்தில் மிளகு படுத்திருந்தது.

"மிளகு" என்றாள். "மிளகு, நான்தான்டா. மிளகு."

நாய் அந்தக் கால்களின் மேல் மோவாயை வைத்து, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டது.