ரிலீவர் வரும் வரைக்கும்

ஒரகடத்தில் எங்கள் நாடகக் கொட்டகை முன்பு உதிரிபாகக் கிடங்காக இருந்தது. பல வாரம் பூட்டிக் கிடந்த அதன் ஷட்டரை அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் மெர்சியும்தான் தூக்கினோம். தகரக் கூரையின் சூடு முகத்தில் அடித்தது. உள்ளே கும்மிருட்டு. பூட்டிய இடத்துக்கே உரிய புழுக்க நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை. பெயிண்ட்டில் கலக்கிற தின்னர்.

மெர்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பலராமண்ணே, உங்களுக்கும் அடிக்குதா?"

"எலி செத்துக் கெடக்கும்மா."

பொய் என்று அவளுக்கும் தெரியும். பேய், ஆவி என்றால் கிண்டலடிக்கிற ஆள் நான். விளக்குப் போடுகிறவன் இருட்டுக்குப் பயந்தால் பிழைப்பு நடக்குமா?

எங்கள் ஊரில் பெரிய சாலை இருக்கிறது, கார் கம்பெனிகள் இருக்கின்றன, எங்கெங்கிருந்தோ வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். லீவு நாளில் உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் ஓர் இடம் இல்லாமல் இருந்தது. அந்த இடத்தை எங்கள் குழுதான் உண்டாக்கியது. கைவசம் ஐந்து நாடகங்கள், வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுவோம். திருநெல்வேலிப் பையனும் மணிமங்கலத்துப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மூக்கைச் சிந்துவதை இங்கேதான் பார்க்கலாம்.

நடிக்கிறவர்கள் எல்லாரும் ஷிப்ட் வேலைக்காரர்கள். அதனால் ஒவ்வொரு வேஷத்துக்கும் இரண்டு பேர். ஒருவன் நடித்துக்கொண்டிருக்கும்போதே மற்றவன் ஷிப்ட் முடித்து ஓடி வந்து, மேடையேறி, தோளைத் தொட்டு, "நான் வந்துட்டேன், நீ கெளம்பு" என்பான். ஜனம் கைதட்டும். கம்பெனியில் மாற்றாள், அதாவது ரிலீவர், வராமல் லைனை விட்டு நகரக் கூடாது. எங்கள் மேடையிலும் அதே சட்டம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. பாழாய்ப்போன பெருமை.

மெர்சியின் புருஷன் நிலவனுக்குக் கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை, எப்போதும் மேலெல்லாம் தின்னர் வாசனை. மேடையில் வாட்ச்மேன் வேஷம். கடைசியாக நாடகம் போட்ட அன்று, அவனுடைய ரிலீவர் இசக்கிதுரையைக் கம்பெனியில் ஓவர்டைமுக்குப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். நிலவன் நெஞ்சைத் தடவியபடியே நாற்காலியில் சாய்ந்தான். நாடகத்திலும் அவன் மனைவியாக நடித்துக்கொண்டிருந்த மெர்சி, உள்ளே போகச் சொல்லி முணுமுணுத்தாள். "அவன் வரட்டும்" என்றான். கொஞ்ச நேரத்தில் தலை தொங்கியது. தூங்குமூஞ்சி வாட்ச்மேன் என்று கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. வலி விட்டு நடிக்கிறான் என்று நினைத்து மெர்சியும் சிரித்தாள்.

இசக்கிதுரை வந்து தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அலறினானே தவிர, "நீ கெளம்பு" என்ற அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை.

"அவரு இங்கதான் குந்திகினு கீறாருண்ணே," என்றாள் மெர்சி, இருட்டைப் பார்த்தபடி. "கல்லறைல தேடிட்டேன், வூட்ல தேடிட்டேன். எங்கயும் இல்ல. எனுக்கு அவரு வூட்டுக்கு வரணும். வேற இன்னா கேக்கப் போறேன்?"

நான் பெருக்குமாற்றை எடுத்தேன்.

சாயங்காலம் கொட்டகை நிறைந்துவிட்டது. அன்று ஆரம்பத்திலிருந்தே இசக்கிதுரைதான் வாட்ச்மேன். மேடை விளக்கைப் போட்டேன். அவன் நாற்காலியை நோக்கி நடந்தான்.

நின்றான்.

தடியால் தரையைத் தட்டுகிற சத்தம். டொக். டொக்.

இசக்கிதுரையின் கையில் தடி இல்லை.

வெளிச்சத்தைக் கூட்டினேன். நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள், பாரம் ஏறினாற்போல், அகன்று வளைந்திருந்தன.



இசக்கிதுரை மேடையோரத்தில் இருந்த என்னிடம் ஓடி வந்தான். "அண்ணாச்சி, அங்கன ஆள் இருக்கு. மூச்சு விடுதது கேக்கு. நான் சொன்னா போவானா? நாந்தான அன்னைக்கு வரல?"

ஜனம் சலசலத்தது. மனைவி வேஷத்தில் தூக்குச்சட்டியோடு ஓரத்தில் காத்திருந்த மெர்சி மேடைக்குள் நடந்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். ஒரு தோள் இருக்க வேண்டிய உயரத்தில் காற்றின் மேல் கை வைத்தாள். கை அங்கேயே தங்கியது.

"நான் வந்துட்டேன்." "நீங்க கெளம்புங்க."

நாற்காலியின் கால்கள் மெதுவாக நிமிர்ந்தன.

நான் அழுதுவிட்டேன். சொல்வதில் வெட்கம் என்ன?

மெர்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாட்ச்மேன் வசனத்தைப் பேச ஆரம்பித்தாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அடுத்தது, மனைவி சோறு கொண்டு வந்து கூப்பிடுகிற கட்டம். மனைவி வேஷத்துக்கு இன்னொருத்தி உண்டு, ஆனால் அவள் அன்று ஷிப்டில் இருந்தாள். மேடையின் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது. விளக்கை அணைத்துவிடலாம் என்று சுவிட்சில் கை வைத்தேன்.

தூக்குச்சட்டியின் கைப்பிடி எழுந்து நின்றது.

"இன்னும் எவ்ளோ நேரம் இங்கயே குந்திகினு இருப்ப?"

மனைவியின் வசனம் அது. பேசியது ஆண்குரல். நிலவன் குரல்.

"வூட்டுக்கு வா."

யாரோ உள்ளேயிருந்து பேசுகிறார்கள் என்று ஜனம் நினைத்துக்கொண்டது. மெர்சியின் முகத்தை நான் மட்டும்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அத்தனை வாரத்துக்கும் சேர்த்து அது மலர்ந்திருந்தது. வாட்ச்மேனுக்கு எழுதியிருந்த பதிலை அவள் சொன்னாள்:

"எம் மாத்தாள் வரட்டும். ஒடனே வந்துடறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. இசக்கிதுரையின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டேன். "ஓடுடா! இவளும் இங்கியே உக்காந்துடப் போறா. போய் சொல்லுடா!"

விழுந்தடித்துக்கொண்டு ஓடி அவள் தோளைத் தொட்டான். "நான் வந்துட்டேன்! நீங்க கெளம்புங்கக்கா!" கைதட்டல் கூரையில் மோதியது.

மெர்சி எழுந்து, மேடையை விட்டு இறங்கி, நேரே வாசலுக்கு நடந்தாள். பயந்து போய்ப் பின்னாலேயே ஓடினேன். தின்னர் வாசனை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வெளியே மஞ்சள் வெயில். சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. அவள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பாமல், தலையை மட்டும் லேசாகப் பின்னால் திருப்பிக் காத்திருந்தாள்.

பின் சீட் மெல்ல அமுங்கியது.

"கெட்டியா புடிச்சிக்கோங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.