யாரோமிருக்கு ஒரு பூசை

வார்சா நகரில் பனி கொட்டிய ஒரு திங்கட்கிழமை நண்பகலில், பத்திரிகையில் வாராவாரம் தொடர்கதை எழுதும் புகழ்பெற்ற நாவலாசிரியர் கிராட்சியான் மூச்சிரைக்க செவெரினின் அறைக்குள் நுழைந்தார். செவெரின் முன்பு நீதிமன்றக் குமாஸ்தாவாக இருந்தவர். களவு போனதை ஊரை ஆண்ட ரஷ்ய ஜாரின் போலீசிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் அவரிடம்தான் வருவார்கள். அவருடைய நண்பர் கிளெமென்ஸ் பத்திரிகையில் பிழை திருத்துகிறவர். கிளெமென்ஸும் ஒரு சரித்திர நாவல் எழுதியிருந்தார். அதை எந்தப் பத்திரிகையும் சீந்தவில்லை. அதனால் கிராட்சியானைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"அத்தியாயம் போச்சு! நேத்து ராத்திரிதான் எழுதி மேஜை டிராயர்ல வெச்சுப் பூட்டினேன். காலையில காணோம்" என்றார் கிராட்சியான்.

"பூட்டை உடைச்சிருக்கா?"

"இல்ல. ஒரு சாவி என் சட்டைப்பையில, இன்னொண்ணு நகல் எழுதற ஒனுப்ரிகிட்ட. அவன்தான் எடுத்திருக்கான். சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா போலீசுல ஒப்படைச்சுடுவேன்."

கிளெமென்ஸ் திடுக்கிட்டார். ஒனுப்ரி ஜாருக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்து, சைபீரியாவில் எட்டு வருஷம் கழித்துவிட்டு வந்த கிழவர். போலீஸ் புத்தகத்தில் இன்னொரு முறை பெயர் ஏறினால் மறுபடியும் அங்கேதான். இந்தத் தடவை திரும்ப மாட்டார்.

"அத்தியாயத்துல என்ன?" என்று நிதானமாகக் கேட்டார் செவெரின்.

"யாரோமிர் சாகறான். ஆத்துல உறைஞ்ச பனி உடைஞ்சு, குதிரையோட முழுகிடறான். யாருக்கும் சொல்லல."

"ஊரே கொண்டாடுற வீரனாச்சே! ஏன் கொன்னீங்க?" என்று கிளெமென்ஸ் கேட்டேவிட்டார்.

கிராட்சியானின் முகம் சிவந்தது. "கொண்டாடறாங்க, அதான்! போன மாசம் அவன் தோள்ல ஒரு வெட்டு விழுந்துச்சு. உடனே பொம்பளைங்க மாதா கோயிலுக்கு ஓடி, அவன் குணமாக பூசை வெச்சாங்க. காகிதத்துல இருக்கறவனுக்கு! எனக்கு நெஞ்சுல சளி கட்டி மூணு வாரம் படுத்தேன், ஒரு மெழுகுவத்தி உண்டா? அவனை உண்டாக்கினவன் நான்தானே?"

தான் படைத்தவன் மீதே ஒரு மனிதன் பொறாமைப்படுவதை கிளெமென்ஸ் அன்றுதான் பார்த்தார். தன் வயிற்றெரிச்சலுக்கு ஒரு கூட்டாளி கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஒனுப்ரி இன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தார்?" என்று கேட்டார் செவெரின்.

"பத்துக்கு. நான்தான் கதவைத் திறந்தேன். நேத்து ஞாயித்துக்கிழமை, அவன் வரவே இல்ல."

"வீட்டுல வேற யாரு?"

"என் மனைவி எவ்பெமியா. அவ கதையே படிக்க மாட்டா. அப்புறம் சமையல்காரி. அவளுக்கு எழுத்தே தெரியாது."

கிராட்சியான் போனதும் செவெரின் கோட்டை மாட்டிக்கொண்டார். "அச்சாபீசுக்குத்தானே? போட்டிப் பத்திரிகைக்காரன் வாங்கியிருப்பான்" என்று கிளெமென்ஸ் துள்ளினார்.

"விக்கணும்னு எடுத்தவன் அங்க போவான். துக்கத்துல எடுத்திருந்தா?"

கிராட்சியான் வீட்டுத் தெருமுனையில்தான் கோயில். கதவருகே அந்த வாரத்துப் பூசைகளின் பட்டியல் தொங்கியது. கிளெமென்ஸ் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "வியாழன், எட்டு மணி. வீரன் யாரோமிரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக. பைத்தியம் பிடிச்ச ஜனங்கப்பா!"

"எப்ப எழுதினீங்க இதை?" என்று பட்டியல் எழுதும் கோயில்பிள்ளையிடம் கேட்டார் செவெரின்.

"இன்னைக்குக் காலையில, ஏழு மணிப் பூசை முடிஞ்சதும். கூட்டத்துல யாரோ சீட்டை நீட்டினாங்க. ஏன், எழுதினதுல தப்பா?"

"தப்பே இல்ல. ரொம்பச் சரியா எழுதியிருக்கீங்க."

மாலை நான்கு மணிக்கு எல்லோரும் கிராட்சியானின் கூடத்தில் இருந்தார்கள். ஒனுப்ரி கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றார். எவ்பெமியா எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் தேநீர் ஊற்றினாள், ஒனுப்ரிக்கும் ஊற்றினாள்.

"சனிக்கிழமை பத்திரிகையில யாரோமிர் எப்படி இருந்தான்?" என்று ஆரம்பித்தார் செவெரின்.

"நல்லாத்தான் இருந்தான். குடிச்சுட்டு, பாடிட்டு" என்றார் கிளெமென்ஸ்.

"ஊரைப் பொறுத்தவரைக்கும் அவன் இன்னும் உயிரோடதான் இருக்கான். போன மாசம் வெச்சது குணமாக வெச்ச பூசை. இன்னைக்கு எழுதினது செத்தவங்களுக்கு வைக்கற பூசை. உயிரோட இருக்கறவனுக்கு அதை யாரும் வைக்க மாட்டாங்க. அவன் செத்தது தெரிஞ்சவங்கதான் வெச்சிருக்கணும். அதுவும் காலை ஏழு மணிக்கே. ஒனுப்ரி வந்தது பத்துக்கு. சமையல்காரிக்குப் படிக்கத் தெரியாது. ஐயா, நீங்க அவனுக்குப் பூசை வைக்கற ஆள் இல்ல."

எவ்பெமியா தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்தாள். தையல் கூடையின் அடியிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"நீங்க தூங்கினப்ப சாவியை எடுத்தேன். ஆமா, படிச்சேன். மூணு வருஷமா ஒண்ணு விடாம படிக்கறேன்."

"அவன் மேல உனக்கு அவ்வளவு ஆசையா?" என்றார் கிராட்சியான்.

"கதையில அவன் தன் காதலி லுத்மிலாகிட்ட பேசின ஒவ்வொரு வார்த்தையும் உங்க கை எழுதினதுதானே? கல்யாணமாகி பதினெட்டு வருஷம். அதுல ஒரு வார்த்தை எனக்குக் கிடைச்சுதா? இல்லாத ஒருத்திக்கு எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தீங்க. அவளைப் பார்த்து நான் எரிஞ்சேன். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்கணும்னு கிடந்தேன். அதையும் மூழ்கடிச்சுட்டீங்க!" அவள் விம்மி அழுதாள்.

கிராட்சியான் எழுந்தார். அவள் பக்கமாக நடந்தார். கிளெமென்ஸுக்கே கண் கலங்கிவிட்டது. மேதையானாலும் பாவப்பட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

கதவோரம் ஒனுப்ரி தேநீர் டம்ளரைத் தொடாமலே ஜன்னல் விளிம்பில் வைத்தார். அவரை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள்.

"காலையில பத்து மணியிலேர்ந்து இங்கயே நிக்கறேம்மா" என்றார் அவர். "ஐயா என்னைத் திருடன்னு சொன்னப்பவும் நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. போலீசு என்னைக் கொண்டு போயிருந்தா, எனக்கு ஒரு பூசை வெச்சிருப்பீங்களா?"

எவ்பெமியாவின் அழுகை சட்டென்று நின்றது. ஒனுப்ரி தொப்பியைப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார்.