பூமலையின் பனி

ஜன்னல் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. உள்பக்கமாக.

கதிர் விரலால் தேய்த்துப் பார்த்தான். வெளியே கலிபோர்னியாவில், சான் ரமோனின் ஜூலை மத்தியானம், பழுப்பேறிய குன்றுகள்மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளேயோ எலும்பைத் தொடும் குளிர், அதில் ஊதுபத்தியும் வாடிய ரோஜா மாலையும் கலந்த வாசனை, சுவருக்குள் எங்கோ ஒரு மோட்டார் உறுமி, நின்று, மறுபடி உறுமும் சத்தம்.

"ஏசியை ஆஃப் பண்ணேன்."

"ஏசி ஓடவே இல்ல. உனக்கு மட்டும்தான் குளிருது." மனைவி பிரீத்தி லேப்டாப்பிலிருந்து நிமிரவில்லை. "ஊருக்குப் போயிருக்கலாம்."

"ட்ரிப்பை கேன்சல் பண்ணாதேன்னு சொன்னது யாரு?"

"நான்தான். ஆனா, அம்மா உனக்குத்தானே."

போன மாதம், ஸ்விட்சர்லாந்தில் கேபிள் காருக்குக் காத்திருந்தபோதுதான் காங்கேயத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"கதிரு, அம்மா போயிருச்சுடா. தாய்க்குச் சின்னவன்தான் கொள்ளி வெக்கோணும். நீ வர்ற வரைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ்ல வெச்சிருக்கறோம்."

"ஃப்ளைட் கிடைக்கலீங்ணா. பார்த்துட்டே இருக்கேன்."

மறுநாளும் அதையேதான் சொன்னான். அதற்கு மறுநாளும். வீடியோ காலில், கண்ணாடி மூடியில் படரும் பனியை யாரோ முந்தானையால் துடைத்துத் துடைத்து அம்மாவின் முகத்தைக் காட்டினார்கள். கடைசியில் பொறுக்காமல் அண்ணனே கொள்ளி வைத்தார்.

அன்று எதிரே வெள்ளையாய் நின்ற மலையின் பெயர் ப்ளூம்லிஸ்ஆல்ப். மகள் தீக்ஷா போர்டைப் படித்துச் சொன்னாள்.

"இட் மீன்ஸ் ஃப்ளவர் மெடோ, அப்பா. ஃபுல்லா பூ இருந்துச்சாம். ஒரு ரிச் கை, பசின்னு வந்த அவனோட அம்மாவுக்கே கெட்டுப்போன சாப்பாடு குடுத்தான். ஷீ கர்ஸ்ட் ஹிம், சாபம். எல்லாம் ஐஸ் ஆயிடுச்சு. ஹீ இஸ் ஸ்டில் ஐஸுக்கு அடியில."

"சும்மா கதைடா கண்ணு" என்று சிரித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

இப்போது மூச்சு புகையாக வந்தது. சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கண்ணை மூடினான். மோட்டார் நின்றது.

கண் திறந்தான்.

மூக்குக்கு நேர் மேலே கண்ணாடி.

தட்டினான். சத்தம் வரவில்லை. "பிரீத்தி." அவள் லேப்டாப்போடு கடந்து போனாள். பார்க்கவில்லை. காலடியில் ஈரமாக ரோஜா இதழ்கள். மூச்சு பட்டு மூடி மங்கியது. முழுக்க வெள்ளை.

வெளியிலிருந்து ஒரு முந்தானை அதைத் துடைத்தது. மெதுவாக. வட்டமாக.

அம்மா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பின்னால் நின்ற யாரிடமோ சொன்னாள்.

"இருக்கட்டுமுங்க. இவனுக்கு ஃப்ளைட்டு கெடைக்கலையாமா."

மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது.