ஹார்ப்புக்கு முன்னால் ஓர் இருமல்

மழை திடீரென்று பிடித்துக்கொண்டது... வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த சின்ன பஃபே உணவகத்துக்குள் பிராக் நகரத்தில் பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள். நின்றபடி சாப்பிடும் உயர மேஜையில் ஒரு பக்கம் வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் ராடிமும் அவன் நண்பனும். எதிரே, நனைந்த குடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு ஒரு பெண்.

அவள் நிமிர்ந்தாள். சாம்பல் நிறக் கண்கள்... இமையில் இன்னும் ஒரு மழைத்துளி. முப்பத்தெட்டு வயது ராடிம் பள்ளிப் பையனைப் போல் நிமிர்ந்து நின்றான். ஏதாவது புத்திசாலித்தனமாகப் பேச வேண்டுமே! அவள் காதில் விழட்டும் என்றே நண்பனிடம் குரலை உயர்த்தினான்.

"ஜெர்மன்காரன் நம்ம நாட்டுக்குள்ள வந்த வருஷம் ஒரு கச்சேரி நடந்துச்சே... நம்ம நாட்டைப் பத்தின ஆறு சிம்பொனி இசைக் கவிதை. பதினாறு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பதிவை நான்தான் சுத்தம் பண்றேன். யாழ் மாதிரி ரெண்டு ஹார்ப் வாத்தியம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிசப்தம் வரும் பாரு... அங்க ஒரு இருமல்காரன்! மூணு வாரமா என் உயிரை வாங்கிட்டான். இன்னைக்குத்தான் அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சு அவன் கதையை முடிச்சேன்."

முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"ரெண்டு இருமல்... கொஞ்சம் விட்டு, அடக்கிக்கிட்ட மாதிரி ஒண்ணு... அதுவா?" என்றாள் அவள்.

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது என் தம்பி ஸ்லாவெக். அவன் கதையை ஏற்கெனவே முடிச்சுட்டாங்க சார். அந்த நவம்பர்ல ஜெர்மன்காரங்க காலேஜ் பசங்களைப் பிடிச்சுட்டுப் போனாங்களே... அதுல போனவன்."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தொழில் திமிர் விடவில்லை.

"வருத்தமா இருக்குங்க. ஆனா இருமல் இருமல்தானே? நாட்டோட சொத்து சுத்தமா இருக்க வேணாமா?"

"அவனும் நாடுதான் சார்."

குடையைக்கூட மறந்து மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

ராடிமுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கச்சேரியைப் பதிந்திருந்த பழைய அரக்கு இசைத்தட்டு, ஒலிநாடாவுக்கு மாற்றிய அன்றே உரிந்து உதிர்ந்துவிட்டது. ஸ்லாவெக்கின் இருமல் இனி இந்த உலகத்தில் ஒரு சாண் நாடாத் துண்டில்தான் இருக்கிறது... அதுவும் குப்பைக்கூடையில்! நிலையத்துக்கு ஓடினான். முழங்காலிட்டு இருநூறு துண்டுகளைப் பொறுக்கினான். ஒவ்வொன்றாகக் கருவியில் கையால் இழுத்துக் கேட்டான். மூன்றாம் நாள் கிடைத்தது. அதிகாரி ஒப்புதல் கொடுத்து முத்திரை வைத்த சுருளைப் பிரித்து, அதை ஒட்டினான்.

தினமும் மாலையில் அவளுடைய குடையோடு பஃபேயில் நின்றான். ஆறாம் நாள் வந்தாள்.

"என் குடை..."

"தரேங்க. ஒரே நிமிஷம் என் அறைக்கு வரணும்."

"ஏன்? இன்னும் யார் கதையாவது பாக்கி இருக்கா?"

ஆனாலும் வந்தாள். சுருள் சுழன்றது. நிசப்தம்... இரண்டு இருமல்... சற்று விட்டு, அடக்கிக்கொண்ட ஒன்று. பிறகுதான் ஹார்ப்.

"இன்னொரு தடவை," என்றாள்.

ஏழு முறை போட்டான். எட்டாவது முறை அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"அன்னைக்கு அவன் கச்சேரிக்குப் போயிட்டான். நானும் அம்மாவும் வீட்ல ரேடியோ முன்னாடி... இருமல் கேட்டதும் அம்மா, 'மஃப்ளரைச் சுத்திக்கிட்டுப் போடான்னு சொன்னேனே, கேட்டானா பாரு!'ன்னாங்க. இப்ப அம்மாவும் இல்ல. இதை நினைச்சுச் சிரிக்க நான் ஒருத்திதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முத்திரை வெச்சதைப் பிரிச்சிருக்கீங்களே... வேலை போயிடாதா?"

"போகலாம். போனா போகுது..." அவன் சுருளை நிறுத்தினான். "உங்க பேர்கூடத் தெரியாதுங்க. எனக்கு அமைதிதான் பிடிக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தவன் நான். இந்த ஆறு நாளா... நீங்க இல்லாத அமைதியைத் தாங்க முடியல. சிரிக்க நானும் வரட்டுமா?"

குடையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனாள். அங்கே நின்று அவள் திரும்பினாள்.

"என் பேர் க்வேட்டா. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அதே மேஜை." சாம்பல் நிறக் கண்கள் மறுபடி நிறைந்தன. "வெளியே குளிருது... மஃப்ளரைச் சுத்திக்கிட்டு வாங்க."