ஈரம் காயாத கதவு

பிணத்தின் நகங்களுக்குள் சிவப்பு பெயிண்ட்!

ஒன்றல்ல... ஒன்பது பிணங்கள். ஒன்பதிலும்!

இன்ஸ்பெக்டர் விஜயராணி துணியை மூடினாள். மும்பை ஆண்டாப் ஹில்லில் வளர்ந்தவள், பிணம் பார்த்துப் பழகியவள்தான். ஆனாலும் இப்படி நகங்களைப் பார்த்ததில்லை.

'ஜல்பரி' பயணிகள் லாஞ்ச் மாஹிம் கரையில் பாதி கரியாய்க் கிடந்தது. நேற்று மதியம் நடுக்கடலில் இன்ஜினில் தீ. படிக்கட்டை நெருப்பு மறிக்க, கீழ் கேபினில் இருந்தவர்கள் பின்சுவரின் சிவப்பு எமர்ஜென்சி கதவுக்கு ஓடினார்கள். அது திறக்கவில்லை. புகையிலேயே செத்தார்கள்.

"எல்லாம் இவனாலதான் மேடம்!" லாஞ்ச் முதலாளி சுரேந்திரன், தாராவி பெயிண்டர் அய்யாத்துரையைக் காட்டினார். "இடுக்கெல்லாம் பெயிண்டை அப்பி, கதவை ஒட்ட வச்சுட்டான்!"

விலங்கோடு நின்றான் அய்யாத்துரை. ஒன்பது உயிர்! ஆயுசுக்கும் ஜெயில்!

"மூணு நாள் முன்னாடிதானே லாஞ்சுக்குப் பாதுகாப்பு சர்வே? அப்ப கதவு திறந்துச்சா?" விஜயராணி சர்வேயர் பக்கம் திரும்பினாள்.

சர்வேயர் மாதவ், மாட்டுங்காக்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "திறந்து பார்த்தேன்னு ரிப்போர்ட்லயே எழுதியிருக்கேனே மேடம்!"

"அய்யாத்துரை, நீ என்ன சொல்றே?"

"எந்தக் கதவைம்மா சொல்லுதாவ?"

"கிண்டலா? எமர்ஜென்சி கதவுய்யா!"

"அது கதவு இல்லம்மா! பலகையில நான் வரைஞ்ச படம்லா! கைப்பிடி, கீல், நிழலு... எல்லாம் நாந்தான். நெசக் கதவு எதிர்ப்பக்கம் வருது, இது சும்மா அடையாளத்துக்குன்னு மொதலாளி சொன்னாவ..."

"டேய்!" சுரேந்திரன் பாய்ந்தார்.

விஜயராணி கேபினுக்குள் ஓடினாள். அங்கே கிடந்த கடப்பாரையைக் கதவோரத்தில் வைத்தாள்... இடுக்கே இல்லை. ஒரே பலகை!

ஒன்பது பேரும் பிராண்டியது ஒரு படத்தை!

வெளியே வந்து மாதவின் சட்டையைப் பிடித்தாள். "படத்தை எப்படிய்யா திறந்து பார்த்தே?"

"பெயிண்ட் ஈரமா இருக்கு, தொடாதீங்கோன்னு முதலாளி சொன்னார்... சர்வேக்கு முந்தின நாள் எல்லா லாஞ்ச்லயும் பெயிண்ட் அடிக்கறது வழக்கம்தானேன்னு... போட்டோ எடுத்துண்டு கையெழுத்துப் போட்டுட்டேன்..." அழுதார்.

"கதவு போட்டா நாலு சீட் போயிடும் மேடம்..." சுரேந்திரன் முனகினார்.

விலங்கு சுரேந்திரன் கைக்கு மாறியது. அய்யாத்துரை நகரவில்லை. துணி மூடிய ஒன்பது உடல்களையும் பார்த்துக் குலுங்கினான்.

"அசல் மாதிரியே இருக்கணும்னாவம்மா... அப்படியே வரைஞ்சு தொலைச்சுட்டேனே!"

ஜீப்பில் ஏறும்போது சுரேந்திரன் குழைந்தார். "மேடம்... இதுலேர்ந்து வெளிய வர ஏதாவது வழி...?"

"ஏன் இல்லாம?" என்றாள் விஜயராணி. "ஜெயில் சுவத்துல கதவு ஒண்ணு வரைஞ்சு தரச் சொல்லி அய்யாத்துரைகிட்ட சொல்றேன்!"